பி பக்கத்து முதல் பாட்டு

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போதே முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. என் மனைவி அமலோர் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். இனி ஈஸ்டர் பாஸ்கு வரை தவக்காலம். இறைச்சி கிடையாது, பாட்டு கிடையாது, டி.வி.யில் செய்தி மட்டும். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டுச் சட்டம் இது. நான் போட்டதல்ல.

மாடியில் குடியிருக்கும் ஆவுடையப்பனை மதுரையிலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். வலது கண்ணில் விழித்திரை பிரிந்துபோய் ஆபரேஷன். கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். அந்த வாயு மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதனால் ஆள் இரண்டு வாரத்துக்குக் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும் குனிந்த தலைதான்.

பார்க்கப் போனேன். கட்டில் ஓரத்தில் முகத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தார்.

“யாரு, மோத்தாவா? உம்ம கால் நகத்தை வச்சே சொல்லிருவேன்.”

“எப்படி இருக்கு?”

“தரை நல்லா இருக்கு. எத்தனை டைல்ஸ் வெடிச்சிருக்குன்னு வீட்டுக்காரரான உமக்கு ஒரு ரிப்போர்ட் எழுதித் தரலாம்.”

அவர் மனைவி சண்முகவடிவு சிரித்தார். அழுத முகம்தான், ஆனாலும் சிரித்தார்.

“பேப்பர் இல்ல, டி.வி. இல்ல. ரெண்டு வருசமா பேண்டு, பேண்டுன்னு உயிரை எடுக்கீரே, அதைக் கொண்டாரும். இப்பம் என்னால எந்திரிச்சு ஓட முடியாதுல்லா” என்றார் ஆவுடையப்பன்.

அவரிடம் தேவாரக் கேசட்டுகளுக்கென்று ஒரு பழைய டேப்ரிக்கார்டர் இருக்கிறது. பொத்தான்கள் பெரியவை, பார்க்காமல் தடவியே அமுக்கலாம். என்னிடம் இருப்பதும் எல்லாம் கேசட்டுதான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

தூத்துக்குடியில் ‘பீச் ரோடு ஐவர்’ என்று ஒரு பேண்டு இருந்தது. சினிமாப் பாட்டு வாசிக்காத பேண்டு. சொந்தப் பாட்டு, தமிழில். கல்யாண வீடு, கிளப்பு டான்ஸ், மாதா கெபித் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் போனோம். ஐவரில் இருவர் கல்லறைத் தோட்டத்தில். ஒருவர் கனடாவில். நான் பேஸ் கிட்டார். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கப்பலில் வந்தவன் ஒருவன் விட்டுப்போன கிட்டாரில் நாலு கம்பிக்கு இரண்டுதான் இருந்தது. அந்த இரண்டில் கற்றேன்.

ஐந்தாவது ஆள் எட்மண்ட் மச்சாது. பாட்டும் கிட்டாரும். பள்ளிக்கூடத்தில் பாதிரியாரிடம் நொட்டேஷன் படித்தவன். ஒத்திகைக்கு ஒரு தடவை அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டான்.

மதராஸ் போய் ஒரே ஒரு இசைத்தட்டுப் போட்டோம். அதில்தான் ‘கொண்டல் வந்தாச்சு’. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வீசியதும் லாஞ்சிப் படகு கிளம்புகிற பாட்டு. ஊரே ஆடிய பாட்டு. அதன் மெட்டு என்னுடையது. 74 தவக்காலத்தில், கிட்டாரைத் தொடக்கூடாத நாட்களில், உப்பளத்தில் எடை போட்டு முடித்துச் சைக்கிளில் வரும்போது விசிலாக என் வாயில் வந்தது. பாஸ்கு கழிந்த முதல் ஒத்திகையில் விசிலடித்துக் காட்டினேன். “இது நான் போன வாரமே போட்டுட்டேன்லா” என்றான் எட்மண்ட். இசைத்தட்டின் சிவப்பு வட்டத்தில் ‘இசை: எட்மண்ட் மச்சாது’ என்றே அச்சாகி வந்தது. பேண்டு அதோடு போயிற்று. பேச்சும் போயிற்று.

அவன் வீடு மூன்று தெரு தள்ளி. இந்த வருடம் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறான். நன்றாக இல்லை.

மார்ச் 7, வெள்ளி

தவக்கால வெள்ளிதோறும் தெருப் பெண்கள் கூடி மாதாவின் வியாகுலப் பாட்டுப் பாடுவார்கள். இந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடமாம். இடம் விசாலமாம். என்னை யாரும் கேட்கவில்லை. நான் பின்கட்டில் உட்கார்ந்து கேசட்டுகளைத் துடைத்தேன். பிறந்ததிலிருந்து கேட்கிற பாட்டு. காதில் விழுவதுகூட இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்பின் ஹெட்டைத் துடைத்தேன். ஒரு கேசட்டில் நாடா தளர்ந்திருந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கினேன். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது.

ஒருவருக்கு ஒரு பேண்டை அறிமுகம் செய்வது சாதாரண வேலையல்ல. நல்ல பாட்டை எல்லாம் முன்னால் கொட்டிவிட்டால் ஆள் திகைத்துப் போவான். தேவாரம் கேட்ட காதுக்கு டிரம்ஸ் உடனே ஒத்துக்கொள்ளாது. முதலில் மவுத் ஆர்கன் வருகிற மெதுவான பாட்டு. இரண்டாவது, கதை சொல்கிற பாட்டு. குப்புறக் கிடக்கிற ஆளுக்கு இரண்டு துள்ளல் பாட்டு அடுத்தடுத்து ஆகாது, நடுவில் கொஞ்சம் வெற்று நாடா விட வேண்டும். ‘கொண்டல் வந்தாச்சு’ ஏ பக்கத்தில் வரவே கூடாது.

எட்மண்ட் பாடியதைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். எடுத்துப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு. அதில் ஒன்று வெறும் டிரம்ஸ். பிறகு சேர்த்தேன். குரலும் ஒரு கருவிதான்.

அமலோர் அடுக்களையிலிருந்து கேட்டாள்: “அங்க என்ன சத்தம்?”

“எலி.”

“எலி கிட்டார் வாசிக்குதோ? தவக்காலம்னு அதுக்காவது தெரிய வேண்டாமா?”

“நோயாளிக்குச் செய்யுற தர்மம்.”

“தர்மத்தைச் சத்தமில்லாமச் செய்யுங்க.”

மார்ச் 11, செவ்வாய்

பி பக்கம் முடிந்தது. முதலில், ஒத்திகையில் பதிந்த பழைய டேப்பிலிருந்து ஒரு துண்டு. எங்கள் டிரம்ஸ்காரன் “மோத்தா மெட்டு, டேக் ஒண்ணு” என்று சொல்வது தெளிவாகக் கேட்கும். பிறகு என் விசில். அதைத் தொட்டாற்போல் இசைத்தட்டில் வந்த ‘கொண்டல் வந்தாச்சு’. அதன் பிறகு மற்றவை.

இது அறிமுகம்தான். ஆவுடையப்பன் கோர்ட்டில் சிரஸ்ததாராக இருந்தவர், எந்தத் தாள் முந்தியது எது பிந்தியது என்று பார்த்தே தலை நரைத்தவர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 12, புதன்

கேசட்டைக் கொடுத்தேன். தண்ணீர் வரவில்லை. மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

ஏ பக்கம் கேட்டுவிட்டாராம்.

“மோசமில்லவே. நடுவுல ஒருத்தன் தகரத்தைத் தட்டுதான், அவனை மட்டும் வெளியே அனுப்பிச்சிருக்கலாம்.”

“அவன் செத்துப்போயிட்டான்.”

“அடடா. நல்லாத் தட்டுனான்.” தரையில் விரலால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். “அந்தப் பாடுறவன் யாருவே? என்ன தொண்டை! நெஞ்சுக்குள்ள கைய விட்டு எடுக்கான்.”

“பேஸ் எப்படி?”

“அது எங்க வருது?”

அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், அது இல்லாவிட்டால் பாட்டு நிற்காது என்று சொன்னேன். “அப்பம் இருக்கட்டும்” என்றார். பி பக்கத்தை நிதானமாகக் கேளும், முதல் பாட்டைக் கவனமாகக் கேளும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இறங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

கூடத்தில் பெண்கள். வெக்கை. சாயங்காலம் ஐந்து மணிக்கும் சுவர் சுடுகிறது.

மார்ச் 15, சனி

“ஓய் மோத்தா, ஒரு சந்தேகம்” என்றார் ஆவுடையப்பன். “நேத்து சாயங்காலம் பி பக்கம் போட்டேன். முதல் பாட்டு ஓடிட்டிருக்கு. கீழ உம்ம வீட்டம்மா எல்லாம் பாட ஆரம்பிச்சாக. மரியாதைக்கு டேப்பை நிறுத்துனேன். பாட்டு நிக்கல.”

“நிக்கலைன்னா?”

“அதே பாட்டு கீழ ஓடுதுவே.”

சிரித்தேன். ஒன்று டான்ஸ் பாட்டு, மற்றது மாதா அழுகிற பாட்டு, மருந்து அதிகமாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் கையைத் தொங்கவிட்டுத் தடவிப் பொத்தானை அமுக்கினார்.

டேப் மெதுவாக ஓடியது. உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது. என் விசில் முக்கி முனகியது. எட்மண்டின் குரல் கனத்துத் தொங்கியது. துள்ள வேண்டிய இடத்தில் அவன் தள்ளாடினான். ‘கொண்டல் வந்தாச்சு’ என்று குரல் ஏறி இறங்குகிற இடம், வியாகுலப் பாட்டில் மாதா மகனின் முகத்தைத் துடைக்கிற இடம்.

பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பெல்ட் கோளாறு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

வெயிலில் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு பெல்ட் வாங்கிவந்து நானே மாட்டினேன். சரியான வேகத்தில் போட்டுக் காட்டினேன்.

“இப்பம் சொல்லும்.”

“இப்பமும் அதுதான்வே. வேகமா அழுதா கொண்டாட்டம் மாதிரி இருக்கு.”

“உமக்குச் சங்கீதம் தெரியாது.”

“தெரியாது. உம்ம ஜெபமும் தெரியாது. அதனாலதான் ரெண்டும் ஒண்ணுன்னு தெரியுது. தெரிஞ்ச ஆளுகளுக்கு ஒண்ணு கோயில், ஒண்ணு கிளப்பு.”

குப்புறக் கிடக்கிற மனிதனோடு சண்டை போடுவதில் ஒரு சிரமம். முகத்துக்கு நேரே கத்த முடியாது. தரையைப் பார்த்துக் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினேன். சண்முகவடிவு வந்து, “அண்ணாச்சி, கண்ணுக்கு ஆகாது, மெல்லப் பேசுங்க” என்றார். கேசட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மாடிக்குப் போகவில்லை.

மார்ச் 19, புதன்

போகவில்லை. சண்முகவடிவு துணி காயப்போட வந்தவர் பின்கட்டில் எட்டிப் பார்த்தார்.

“மாடிக்கு வழி மறந்துட்டா அண்ணாச்சி? இவுக தரைகிட்டப் பேசிட்டுக் கெடக்காக. தரையும் பதில் சொல்ல மாட்டேங்குது, நீங்களும் சொல்ல மாட்டேங்கீக.”

மார்ச் 20, வியாழன்

அமலோர் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாளைய வியாகுலப் பாட்டை வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜைமேல் விரலால் மெதுவாகத் தட்டினேன். அவள் கவனிக்கவில்லை. தட்டுவதைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் குரலும் கூடவே வந்தது. இன்னும் கூட்டினேன். இரண்டு வரி அந்த வேகத்திலேயே பாடினாள். பிறகு கீரைக்குள் கை நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் கிளப்பு டான்ஸில் ‘கொண்டல் வந்தாச்சு’ பாட்டுக்கு ஆடியவள் அவள். அங்கேதான் நான் அவளை முதலில் பார்த்தது.

“ஆண்டவரே. இதுக்கா நாங்க ஆடுனோம்?”

நான் மேஜையிலிருந்து விரலை எடுத்தேன்.

“மாதாவோட அழுகையை எடுத்து வச்சா கூத்தடிச்சீங்க?”

“வேணும்னு எடுக்கல.”

“சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிருங்க. பெரிய வெள்ளிக்கு முன்னால சொல்லிருங்க. இல்லாட்டி நான் இந்தக் கூடத்துல இருந்து எப்படிப் பாடுவேன்?”

“தட்டுல எட்மண்ட் பேருதான் இருக்கு. அவன் போய்ச் சொல்லட்டும்.”

அதன் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. கீரையில் உப்பு இல்லை. கேட்கவும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

பின்கட்டுக்குப் போகவில்லை. அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். முழுவதும் கேட்டேன். சைக்கிளில் வந்த அந்தச் சாயங்காலங்களில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுக்குள் இதைப் பாடிக்கொண்டிருந்திருப்பார்கள். நான் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பெண்கள் நன்றாகப் பாடுகிறார்கள். அமலோர் இன்று பாடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஆவுடையப்பனுக்கு நிமிரலாம் என்று சொல்லிவிட்டார்கள். பேப்பரின் தலைப்பு தெரிகிறதாம், செய்தி தெரியவில்லையாம். “போதும், உள்ள இருக்கிறது எல்லாம் தலைப்புலயே இருக்கு” என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருக்கிறது. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, இரண்டு பேரும். பாடிய எட்மண்டோடு மெட்டுக்காகப் போட்ட பழைய சண்டையையும், கீழே நடந்ததையும் சொன்னேன். கீழே நடக்க வேண்டியதையும் சொன்னேன்: எட்மண்ட்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அவன் பெயர்தான் அச்சில் இருக்கிறது.

“நில்லும்வே” என்றார். “அம்பது வருசமா மெட்டு உம்மதுன்னீரு. ‘மோத்தா மெட்டு’ன்னு செத்தவன் குரலை எல்லாம் எனக்குக் கேக்க வச்சீரு. பாவம்னு வந்ததும் அவம் பேருதான இருக்குங்கீரு. நான் எந்த வாக்குமூலத்தை எடுத்துக்கிட?”

“ரெண்டையும்.”

“ரெண்டையும் எடுத்தா ரெண்டு பேருக்கும் தண்டனை. அவனைப் போய்ப் பாரும்.”

“எதுக்கு?”

“அந்தத் தொண்டையை அஞ்சு நாளு கேட்டவன் சொல்லுதேன். ஏ பக்கத்துல எட்டுப் பாட்டு, எட்டும் அவன் பாடுனது. ஒவ்வொண்ணுலயும் அவன் குரல் ஏறுற இடந்தான் உமக்குப் பிடிச்சிருக்கு. நீரு எனக்கு அறிமுகம் செஞ்சது பேண்டையா?”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வழிந்துவிடும் என்று இறங்கினேன்.

மார்ச் 30, ஞாயிறு

நடைப்பயிற்சிக்கு வேறு தெருப் பக்கம் போனேன். பச்சை கேட் பூட்டியிருந்தது. பூசைக்குப் போயிருப்பான்.

ஏப்ரல் 2, புதன்

கேட் திறந்திருந்தது. போகவில்லை. கால் வலி.

ஏப்ரல் 5, சனி

போனேன். சமாதானத்துக்கு அல்ல. அந்த மெட்டு அவனுடையதும் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்காகப் போனேன்.

இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பல் பாதி இல்லை. என்னை நன்றாகப் பார்த்தான். மோத்தா என்று சொல்லாமல் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“கஸ்பாரு. வழி தப்பிட்டியாலே?”

“ஒன் மெட்டைப் பத்திப் பேச வந்தேன்.”

“எம் மெட்டா? நீயா சொல்லுத? ஒரு நிமிசம் இரு, வீட்டுக்காரியைக் கூப்பிடுதேன். சாட்சி வேணும்.”

“சும்மா கேளு” என்று சொல்லி, கேட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விசிலடித்தேன். வெள்ளிக்கிழமை வேகத்தில். மூச்சு இரண்டு இடத்தில் நின்றது. அவன் முதலில் தலையாட்டினான். பிறகு தலை நின்றது. குழாய்த் தண்ணீர் அவன் கால்மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் விட்ட இடத்திலிருந்து அவன் வாய்க்குள் எடுத்து முடித்தான். அந்தத் தொண்டை இன்னும் இருக்கிறது. அடியில் மட்டும் கொஞ்சம் மணல்.

படியில் உட்கார்ந்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

“லே” என்றான் கடைசியில். “அப்பம் எங்கம்மா மடியில நானும், உங்கம்மா மடியில நீயும் ஒரே கூடத்துல கெடந்து கேட்டதுதாம்லே இது. பெறகு எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கிட்டோம்.”

“தட்டுல ஒன் பேரு இருக்கு. நீதான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்.”

அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். இருமல் வந்து அதில் முடிந்தது.

“சரி கஸ்பாரு, ஒத்துக்கிடுதேன்.”

“எதை?”

“அது ஒன் மெட்டு. நான் வாரதுக்கு முந்தியே நீ போட்டது. போதுமா? நீயே வச்சுக்கோ, நீயே போய்ச் சொல்லு.”

எந்தக் காரணத்துக்காகச் சொன்னான் என்பது வேறு. சொன்னான். அப்படியே இங்கே எழுதுகிறேன்: அது ஒன் மெட்டு.

இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். களைப்பாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆவுடையப்பனிடம் சொன்னேன். “அப்பீலுக்கே வழியில்லாம ஜெயிச்சிட்டீரு” என்றார். கேசட்டைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். இந்தத் தடவை பேஸ் கேட்கிறதாம். பொய்யாக இருக்கலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

பெரிய வாரத்துக்குப் பாவசங்கீர்த்தனம். வெளியூர்ச் சாமியார்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வரிசை கோயில் வாசல் வரை. வயதானவர்களுக்கு மட்டும் சுவரோரம் பெஞ்சு. மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அமலோர் பெண்கள் வரிசையில் நின்று நான் வந்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கிவைத்திருந்தேன். மெட்டு என்னுடையது, தவறும் என்னுடையது. பெயர் என்னுடையதாக வருவதென்றால் முழுவதுமாக வரட்டும்.

பெஞ்சு ஆடியது. பக்கத்தில் எட்மண்ட்.

“நீ எதுக்கு வந்த? நான்தான் சொல்லுதேனே.”

“அதுக்குத்தான் வந்தேன். நீ மெட்டு மெட்டுன்னு மொத்தமாச் சொல்லிருவ. பல்லவி ஒன்னுது. சரணம் நான் போட்டதுலே.”

“சரணமும் வியாகுலப் பாட்டுல இருக்கு.”

“இல்ல.”

“இருக்கு. சிலுவையில இருந்து ஆண்டவரை இறக்குற இடம்.”

“அது இறங்கும்லே. நம்ம சரணம் ஏறும்.”

அவன் தொடையில் தாளம் போட்டு, உதடு அசையாமல் எடுத்தான். நான் அடியில் பிடித்தேன். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தினோம். அவள் திரும்பியதும், விட்ட இடம் சரியில்லை என்று மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.

என் முறை வந்தது. பின்னால் இருந்தவரைப் போகச் சொன்னேன். அவருக்கு அடுத்தவரையும் போகச் சொன்னேன். வரிசை தீர்ந்து, கோயிலைப் பூட்டுகிற கோயில்குட்டி விளக்கை அணைக்க வரும் வரையில் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சரணம் இன்னும் முடிவாகவில்லை.